தேன் விலக்கிய இல்லத்தில் கோழை இருமலுக்கு மருந்து



மழைக்காலத்தில் கோழை கட்டிய இருமலோடு சித்த மருத்துவரிடம் செல்வோர்க்குத் திரிகடுகச் சூரணமோ தாளிசாதிச் சூரணமோ கிடைக்கும். பொட்டலத்தின் மேல் பெரும்பாலும் ஒரே குறிப்புத்தான் எழுதப்பட்டிருக்கும்: தேனில் குழைத்து உண்க. தேனை விலக்கி வாழும் முதியவர் அப்பொட்டலத்தை மாடத்தில் வைத்துவிடுவார், இருமல் தொடரும். வேறு சில இல்லங்களில், பெரியவர் உடல்நலம் கருதி, அவருக்குச் சொல்லாமலே தேன் கலந்து கொடுத்துவிடுவதும் உண்டு. முன்னது உடலுக்குத் தீங்கு. பின்னது அதனினும் பெரிய தீங்கு. ஏனெனில் நோன்பு அவருடையது, அதனை முறிக்கும் உரிமை மகனுக்கும் இல்லை, மருமகளுக்கும் இல்லை. இவ்விரண்டு வழியும் இன்றியே கோழை இருமலுக்கு மூலிகை மருந்து உண்ண இயலும் என்பதை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

தேன் விலக்கு சமண இல்லறத்தின் ஓரத்தில் உள்ள சிறு விதி அன்று. சமந்தபத்திர ஆசாரியர் இயற்றிய இரத்தினகரண்டக சிராவகாசாரம், இல்லறத்தார்க்குரிய எட்டு மூலகுணங்களை வகுக்கும்போது ஐந்து அணுவிரதங்களோடு கள், ஊன், தேன் ஆகிய மூன்றன் விலக்கையும் சேர்த்தே எண்ணுகிறது. அந்நூலின் வழிவந்த அருங்கலச்செப்பு இவ்வறத்தைத் தமிழில் தந்தது. கூட்டைப் பிழியுங்கால் மாயும் உயிர்கள் எண்ணில. இக்காலப் பெட்டித் தேனீ வளர்ப்பில் கூடு பிழியப்படுவதில்லை எனினும், ஓர் உயிர்க்கூட்டம் தன் குஞ்சுகளுக்கெனச் சேர்த்த உணவைக் கவர்தல் என்னும் குற்றம் நீங்குவதில்லை என்று ஆன்றோர் விடை கூறுவர்.

மருந்துக்காக ஆயின் விலக்கில்லை எனச் சொல்வோரும் உளர். இவ்வினா புதியதன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த உக்கிராதித்தர் என்னும் சமண மருத்துவ ஆசாரியர் கல்யாணகாரகம் என்ற வடமொழி மருத்துவ நூலை இயற்றினார். இராட்டிரகூட மன்னன் நிருபதுங்க அமோகவர்ஷனின் அவையில், ஊன் மருந்தாகாது என்று மருத்துவர்களிடையே அவர் நிகழ்த்திய உரை அந்நூலோடு இணைந்துள்ளது. நோன்பை மருந்துக்காகத் தளர்த்துவதை விடுத்து, மருந்தை நோன்புக்கேற்ப வகுத்தார் அவர். தேனைப் பொறுத்தும் அவ்வழியே செல்ல இயலுமா என்பதை அறிய, மருந்தில் எந்தப் பொருள் எந்த வேலையைச் செய்கிறது என்று பார்த்தல் வேண்டும்.

முதலில் நோயைப் பற்றிச் சில சொற்கள். மூச்சுக்குழாயின் உட்புறத்தில் கண்ணுக்குப் புலனாகாத நுண்மயிர்கள் அடர்ந்துள்ளன. அவற்றின் மேல் மெல்லிய சளிப்படலம் ஒன்று பரவி, தூசியையும் கிருமியையும் பிடித்துக்கொள்ளும். நுண்மயிர்கள் இடையறாது அசைந்து அப்படலத்தை மேல்நோக்கித் தள்ளும். சளி பிடித்த காலத்தில் இப்படலம் மிகுந்து தடிக்கிறது. நுண்மயிர்களால் அதனைத் தள்ள முடிவதில்லை. அப்போது உடல் மேற்கொள்ளும் மாற்று வழியே இருமல். சித்த மருத்துவம் இதனை ஐயத்தின் மிகுதி என்று கூறும். ஆதலின் கோழையோடு கூடிய இருமலை அடக்குதல் பிழை. வறட்டு இருமலை அடக்குவதற்கென உள்ள பாகுமருந்தைக் கோழை இருமலுக்குக் கொடுத்தால், வெளியேற வேண்டியது நெஞ்சிலேயே தங்கிவிடும். மருந்து செய்ய வேண்டுவன வேறு: கோழையை இளக்குதல், குழாயின் இறுக்கத்தைத் தளர்த்துதல், புண்பட்ட தொண்டையை நனைத்தல்.

முதல் இரண்டையும் செய்யும் மூலிகைகளுள் ஆடாதோடைக்குத் தனியிடம் உண்டு. ஆடு தொடா இலை என்பதே இப்பெயராயிற்று என்பர். கசப்பே இதற்குக் காரணம். அக்கசப்புக்குரிய பொருள்களுள் முதன்மையானது வாசிசின். 1888ஆம் ஆண்டில் இதனை ஆடாதோடை இலையிலிருந்து பிரித்தெடுத்தவர் டேவிட் ஹூப்பர். அந்நாளில் அவர் உதகமண்டலத்தில் சென்னை மாகாண அரசின் கொயினா வேதியியலறிஞராகப் பணியாற்றியவர். வாசிசின் மூச்சுக்குழாயை விரியச் செய்யும் தன்மையுடையது. பின்னர் 1960களில் ஜெர்மனியில் வாசிசினின் அமைப்பை முன்மாதிரியாகக் கொண்டு புரோம்ஹெக்சின் என்னும் மருந்து செய்யப்பட்டது. கோழையின் இழைகளைத் துண்டித்து நீர்க்கச் செய்வது அதன் வேலை. அது உடலுக்குள் சென்று மாறும் வடிவமான அம்புரோக்சால் 1970களின் இறுதியில் தனி மருந்தாயிற்று. இன்று மருந்துக்கடையில் கோழை இருமலுக்கெனக் கிடைக்கும் பாகுகள் பலவற்றின் மேலட்டையில் இவ்விரு பெயர்களுள் ஒன்றைக் காணலாம். கிராமத்து வேலியில் நிற்கும் செடியே அவற்றின் மூதாதை.

இங்கு ஒன்றைக் கருதுதல் வேண்டும். ஆடாதோடையின் ஆற்றல் இலையில் உள்ளது. வாசிசினுக்குத் தேனோடு எத்தொடர்பும் இல்லை. இலை மருந்து என்பதால் செடி பிடுங்கப்படுவதும் இல்லை. வேரைத் தோண்டினால் செடி மாய்கிறது. இலையைக் கொய்தால் அடுத்த மழைக்குத் தழைக்கிறது. கொல்லாமையை நோன்பாகக் கொண்டோர்க்கு இவ்வேறுபாடு சிறிதன்று. தூதுவளை, கற்பூரவல்லி, துளசி, வெற்றிலை ஆகியனவும் இவ்வகையினவே. கற்பூரவல்லியின் மணத்துக்குக் காரணமான கார்வக்ராலும், துளசியிலுள்ள யூஜினாலும் கிருமிகளை எதிர்க்கும் எண்ணெய்ப் பொருள்கள். பூண்டுப் பாலும் சின்ன வெங்காயச் சாறும் பிற இல்லங்களில் கோழைக்கு வழங்கும் கைவைத்தியம். அவற்றை விலக்கிய இல்லத்தில் மருந்துக்குக் குறை இல்லை என்பதற்கு இவ்விலைகளே சான்று.

சுக்கு, மிளகு, திப்பிலி என்னும் திரிகடுகத்துக்கு வருவோம். பச்சை இஞ்சியை உண்ணாதோர் சுக்கை உண்பது எங்ஙனம் என்று இளையோர் வினவுவதுண்டு. மண்ணுக்குள் விளையும் கிழங்கு அளவிலா உயிர்களின் உறைவிடம், ஈரம் உள்ளவரை முளைக்கும் ஆற்றலும் உடையது. உலர்ந்து உயிர் நீங்கியபின் அது சுக்கு என்பது பெரும்பாலான இல்லங்கள் கொண்டுள்ள கருத்து. மஞ்சளுக்கும் அவ்வாறே. சுக்கையும் விலக்குவோர் சிலர் உளர். அது அவரவர் நோன்பின் அளவு. வேதியியலும் இஞ்சியும் சுக்கும் ஒன்றல்ல என்றே கூறுகிறது. பச்சை இஞ்சியின் காரம் ஜிஞ்சராலால் வருவது. உலரும்போது அதன் ஒரு பகுதி நீரை இழந்து ஷோகாலாக மாறுகிறது. இஞ்சிக்கு ஜப்பானிய மொழியில் வழங்கும் ஷோகா என்னும் சொல்லே அப்பெயரின் வேர். ஷோகால் ஜிஞ்சராலினும் காரம் மிக்கது. சுக்கு இஞ்சியின் குறைந்த வடிவம் அன்று என்பது இதனால் விளங்கும்.

மிளகிலும் திப்பிலியிலும் உள்ள காரப்பொருள் பிப்பரின். மின்னோட்டத்துக்கும் காந்தத்துக்கும் உள்ள உறவைக் கண்டறிந்த டென்மார்க்கு அறிஞர் ஓர்ஸ்டெட்டே 1819இல் இதனை மிளகிலிருந்து பிரித்தவர். கூட்டு மருந்துகளில் திப்பிலி ஏன் மீண்டும் மீண்டும் இடம்பெறுகிறது என்பதற்கு இப்பொருளின் ஆய்வு ஒரு விடை தருகிறது. 1998இல் பெங்களூரு அறிஞர்கள் வெளியிட்ட ஆய்வில், மஞ்சளின் குர்குமினை 2 கிராம் உண்டவர்கள் அதனோடு 20 மில்லிகிராம் பிப்பரினும் சேர்த்து உண்டபோது, உடலில் ஏறிய குர்குமினின் அளவு 20 மடங்கு பெருகியது. காசநோய்க்குரிய ரிஃபாம்பிசின் மருந்தைப் பிப்பரினோடு சேர்த்து, 450 மில்லிகிராமுக்குப் பதில் 200 மில்லிகிராம் அளவில் அமைத்த கூட்டு மாத்திரையும் இந்தியாவில் உருவாக்கப்பட்டது. தான் செய்யும் வேலையோடு, உடன் வரும் மருந்தையும் உடலில் ஏற்றிவிடுவது பிப்பரின். தேன்தான் மருந்தை உடலில் ஏற்றும் என்று கருதி அஞ்சுவோர் இதனை நினைவிற்கொள்ளலாம். அப்பணிக்குரிய பொருள் சூரணத்துக்குள்ளேயே இருக்கிறது.

மருந்தின் பெயரை அறநூலுக்கு இட்ட மரபு தமிழில் உண்டு. ஏலாதியை இயற்றிய கணிமேதாவியாரும், சிறுபஞ்சமூலத்தை இயற்றிய காரியாசானும் சமணர். இருவரும் மாக்காயனாரின் மாணாக்கர் என்பர். திரிகடுகத்தின் ஆசிரியர் நல்லாதனார் திருமாலை வாழ்த்துபவர். ஆதலின் அதனைச் சமண நூல் என உரிமை கொள்ளுதல் பொருந்தாது. மருந்தாகிய ஏலாதியில் ஏலம் ஒரு பங்கு, இலவங்கம் இரண்டு, சிறுநாவற்பூ மூன்று, மிளகு நான்கு, திப்பிலி ஐந்து, சுக்கு ஆறு. பின்மூன்றும் திரிகடுகமே. சிறுபஞ்சமூலமாகிய ஐந்து வேர்களுள் கண்டங்கத்திரி இன்றும் கோழைக்குரிய மருந்துகளில் முன்னிற்பது. நூலைப் பயிலும் மாணவர்க்கு இம்மருந்துகளை ஒரு தட்டில் வைத்துக் காட்டினால் பெயர்ப்பொருள் மறவாது.

இனித் தேனின் பணி யாது? மருந்தோடு சேர்த்து உண்ணும் துணைப்பொருளை அனுபானம் என்பர். தேன் சிறந்த அனுபானம் என்று மருத்துவ நூல்கள் கூறுவது உண்மை. குழந்தைகளின் இருமலைத் தணிப்பதில் தேனுக்குப் பயன் உண்டென்று இக்கால ஆய்வுகளும் காட்டியுள்ளன. அதனை மறைத்துப் பேசுதல் வாய்மைக்கு ஒவ்வாது. ஆயின் அப்பயனுக்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று, இனிப்பும் குழைவும் உமிழ்நீரைப் பெருக்கித் தொண்டையைப் பூசி நனைக்கின்றன என்பது. அவ்வினிப்பும் குழைவும் பனங்கற்கண்டுப் பாகிலும் உண்டு. பனங்கற்கண்டைச் சிறிது நீரில் கரைத்து, வடிகட்டி, விரலில் ஒட்டும் பதம் வரக் காய்ச்சி ஆறவிட்டால், சூரணம் குழைப்பதற்குத் தேனின் இடத்தை அது நிரப்பும். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கும் பதநீர் புளிப்பதில்லை. ஆதலின் கள் விலக்கும் இதனைத் தொடாது. நீரிழிவு உடையவர்க்குப் பாகு வேண்டா, வெந்நீரே போதும். கோழை மிகுந்தபோது வெற்றிலைச் சாறும், தொண்டை வறண்டு எரியும்போது பசுநெய்யும் அனுபானமாகும். சூரணம் வயது வந்தோர்க்கு ஒரு வேளைக்கு ஒரு கிராமுக்கு மேல் வேண்டுவதில்லை. காரம் மிகுந்தால் கோழைக்கு முன்னர் வயிறு வருந்தும்.

ஆடாதோடைக் குடிநீருக்கு அனுபானமே வேண்டுவதில்லை. முற்றிய இலை இரண்டு மூன்றை நறுக்கி, நான்கைந்து மிளகைத் தட்டிப் போட்டு, இரண்டு குவளை நீரில் இட்டு அரைக் குவளையாகச் சுண்டக் காய்ச்சி, வெதுவெதுப்பாகப் பருகலாம். சாறாக வேண்டுவோர் இலையை ஆவியில் அவித்துப் பிழிதல் நன்று. பச்சையாகப் பிழிந்தால் சாறு எளிதில் வாராது. அச்சாற்றோடு சர்க்கரை சேர்த்துக் காய்ச்சுவதே ஆடாதோடை மணப்பாகு. அதில் தேனுக்கு இடமில்லை. வெளியே வாங்கினும் அட்டையை ஒருமுறை பார்த்துக்கொள்ளல் நன்று.

இலேகியங்களில்தான் விழிப்பு வேண்டும். கிண்டி இறக்கி, நன்கு ஆறிய பின்னரே தேன் சேர்ப்பது மருத்துவ மரபு. தேனைச் சூடாக்கலாகாது என்பது அதன் விதி. அதனால் விளையும் நன்மை ஒன்று உண்டு. தேன் கடைசியில் சேர்வதாதலின், அதனை நீக்கினால் அதற்கு முன் நிகழ்ந்த பாகம் எதுவும் கெடாது. தேனின்றிச் செய்து தருமாறு முன்கூட்டியே கேட்டால் இசையும் வைத்தியர் பலர். தேன் கெடாமல் காக்கும் பொருளும் ஆகும். ஆகவே தேனில்லா இலேகியத்தைச் சிறிதளவாகச் செய்து விரைவில் உண்டு முடிக்க வேண்டும். கடையில் வாங்குவோர் மேலட்டையில் தேன் என்ற சொல்லோடு மது என்ற வடசொல்லையும் தேடுக. அங்கே அது கள்ளைக் குறிப்பதன்று, தேனையே குறிக்கும். மூலிகைப் பொடி அடைத்த குளிகைகளின் மேலுறை விலங்கின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுக்கும் ஜெலட்டினாக இருத்தல் கூடும். தேனைத் தவிர்த்த கை இதனை அறியாமல் எடுத்துவிடுகிறது.

கதிரவன் மறைந்தபின் உண்ணாதோர்க்கு மற்றோர் இடர் உண்டு. படுத்தபின் கோழை தொண்டையில் தேங்குவதால் இருமல் இரவில் மிகும். அந்நேரத்தில் குடிநீர் பருக நோன்பு இடம்கொடாது. காலையில் ஒருமுறையும், மாலைக் கதிர் மறையும் முன் ஒருமுறையும் குடிநீரைப் பருகி, பகல் முழுதும் வடித்துக் காய்ச்சிய வெந்நீரை மிகுதியாக அருந்தினால் கோழை பகலிலேயே இளகும். இரவில் தலையணையை உயர்த்திப் படுத்தல் துணை செய்யும். கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் குழந்தையைக் குனியவைத்து ஆவி பிடிக்கச் செய்வது மட்டும் வேண்டா. கவிழ்ந்த நீர் தரும் புண் சளியினும் கொடிது.

மூலிகை என்பதால் தீங்கற்றது என்று கொள்ளுதல் அறியாமை. ஆடாதோடையின் வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மையது. கருவுற்ற பெண்கள் அதனைத் தொடலாகாது. அதிமதுரத்தின் இனிப்புப் பொருளான கிளிசிரிசின் உடலில் உப்பையும் நீரையும் தேக்கிப் பொட்டாசியத்தைக் குறைக்கும். இரத்த அழுத்தம் உடையவர் நாள்தோறும் சுவைப்பது தகாது. திப்பிலியின் ஏற்றும் ஆற்றலும் இருமுனை உடையது. ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலினோ, வலிப்புக்குப் பெனிடாயினோ, இதயத்துக்குப் புரோபிரனலாலோ உண்பவர்க்கு அம்மருந்துகளின் அளவு இரத்தத்தில் உயரக்கூடும். அவர்கள் தம் மருத்துவரிடம் சொல்லாமல் திரிகடுகம் உண்ணலாகாது. ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் தருவதை இக்கால மருத்துவமும் முற்றாக விலக்குகிறது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்விதை அக்குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைத் தளர்த்தும் கொடிய நஞ்சை உண்டாக்கும். சேனை வைக்கும் சடங்கில் உறவினர் தேன் தொட்டு வைக்க வந்தால், தாய் தயங்காது மறுக்கலாம்.

இரண்டு வாரம் கடந்தும் நிற்காத இருமலுக்குக் குடிநீர் காய்ச்சிக்கொண்டிருத்தல் கூடாது. அது காசநோயாக இருத்தல் கூடும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் சளிப் பரிசோதனை கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. கோழையில் குருதி காணுதல், மாலைக் காய்ச்சல், உடல் மெலிதல், மூச்சுத்திணறல் இவற்றுள் ஒன்று தோன்றினும் இரண்டு வாரம் காத்திருத்தல் வேண்டா. குழந்தை விரைந்து மூச்சுவிட்டு விலாவின் கீழ்ப்புறம் உள்வாங்குமாயின், அன்றே, அந்நேரமே மருத்துவமனை செல்லுதல் வேண்டும். படுத்தால் இருமலும் மூச்சுமுட்டலும் மிகுந்து கால் வீங்கும் முதியவர்க்கு நோய் நெஞ்சுக் கோழையில் அன்றி இதயத்தில் இருக்கலாம். மருத்துவமனையில் ஊசியோ மாத்திரையோ தருங்கால் தம் விலக்குகளைத் தெளிவாகக் கூறினால், மாற்று உள்ளவற்றுக்கு மருத்துவர் மாற்றுத் தருவர்.

நால்வகைத் தானத்துள் ஔஷத தானமும் ஒன்று. சினாலயத்தின் மதிலோரத்தில் ஆடாதோடை வைத்தால் ஊரார் எவரும் வேண்டும்போது இலை கொய்துகொள்ளலாம். விதை தேட வேண்டியதில்லை. மழைக்காலத் தொடக்கத்தில் ஒரு சாண் நீளத் தண்டை வெட்டி, இரு கணு மண்ணுக்குள் இருக்குமாறு நட்டால் வேர்விடும். ஆடு மேய்வதில்லை; முள்வேலியும் தேவையில்லை.